ஒரு எர்ரர்கூட இல்ல, மாமா

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவரைக்கும் அவருக்குப் பெயர் வெண்கலம். மைக் கெட்டுப்போன நாளில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு குரல் கொடுப்பார். கடைசி மேடையில் நிற்கிற டிரைவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுப்பார். அந்தத் தொண்டையில்தானா புற்று வரவேண்டும்? காலில் வந்திருந்தால் நொண்டிக்கொண்டே பேசியிருப்பார். குரல்வளையை எடுத்துவிட்டுக் கழுத்தில் ஒரு துளையைப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, அவன் இவரைப் பார்த்ததில்லை.

அறுவைக்கு முன்பே ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாள் ஒரு யோசனை சொல்லியிருந்தார். "நிறையப் பேசி வீட்டுக் கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வைங்க சார். காயம் ஆறினதும் கொண்டு வாங்க. நீங்க டைப் அடிச்சா உங்க குரல்லயே பேசற மாதிரி பண்ணித் தர்றோம்."

அறையைச் சாத்திக்கொண்டு, தொண்டை எரிய எரியப் பேசித் தீர்த்தார். செய்தித்தாள் வாசித்தார். காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவதுபோலப் பேசினார். மனைவியை "மகாராணி" என்று கூப்பிடுவதைத் தனியாகப் பதிந்தார். கோபமாக ஒன்று, கொஞ்சலாக ஒன்று, பசியில் கூப்பிடுவது ஒன்று. கதவுக்கு வெளியே நின்று அவள் அதைக் கேட்டு அழுதது அவருக்கும் தெரியும்.

அறுவை முடிந்து, காயமும் ஆறியது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். சனிக்கிழமை திறந்தால் கம்ப்யூட்டர் நின்று நின்று ஓடியது. உள்ளே டொக், டொக் என்று சத்தம். சில பதிவுகள் பேசின, சில திறக்கவே மாட்டேன் என்றன. வெண்கலம் கைப்பேசியை எடுத்தார். கம்ப்யூட்டர் கடைக்காரருக்குச் செய்தி அனுப்பினார். உடனே பதில் வந்தது: "டிஸ்க் சாகக் கிடக்கு சார். ரிப்பேர்னு எதையும் ஓட்டாதீங்க. முதல்ல காப்பி எடுக்கணும். அப்படியே அணைச்சு, திங்கள் காலையில கடைக்குக் கொண்டு வாங்க." அணைத்து, துண்டில் சுற்றி, பையில் வைத்துவிட்டு மனைவிக்குப் பலகையில் எழுதிக் காட்டினார்: "நாளன்னிக்கு கடைக்குப் போகணும்." எழுதி அழிக்கிற அந்த வெள்ளைப் பலகைதான் இப்போது அவருக்கு வாய்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மனைவிக்கு வாய் சும்மா இருக்குமா?

"கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதாம் மாப்பிள்ளை. கடைக்குத் தூக்கிட்டுப் போறாராம்."

"என்ன அத்தை, நான் எதுக்கு இருக்கேன்? கடைக்காரன் இல்லாத நோயெல்லாம் சொல்லுவான்." மாப்பிள்ளை துண்டைப் பிரித்து, ஒயரைச் செருகி ஆன் செய்தார். எல்லாம் தெரிந்த மனுஷர். அவருக்குத் தெரியாது என்று சொன்னவர்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது. குரங்கு கையில் பூமாலை என்று வெண்கலத்தின் மனசு அடித்துக்கொண்டது.

டொக், டொக்.

"சின்ன எர்ரர்தான் மாமா. டிஸ்க் ரிப்பேர் ஓட்டினா தானா சரி பண்ணிக்கும்."

வெண்கலம் பலகையில் கிறுக்கினார்: "வேண்டாம். நிறுத்துங்க. முதல்ல காப்பி." மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"ஒரு நிமிஷம் மாமா, திரையை மறைக்குது." கையால் ஒதுக்கிவிட்டு மாப்பிள்ளை பொத்தானை அழுத்தினார். வெண்கலம் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்னங்க இது? மாப்பிள்ளை மேலயா கை வைக்கறீங்க?" மனைவி பலகையைப் பிடுங்கி மேஜையில் போட்டாள். படித்தாளா? எங்கே! சூடான காபியை எங்கே வைப்பது என்று தேடியவள், அந்தப் பலகையின்மேலேயே வைத்தாள்.

வெண்கலத்தின் கை சுவரில் இருந்த சுவிட்சுக்குப் போனது. மகள் அவரைப் பார்த்தாள். "அப்பா, ப்ளீஸ்," என்றாள் மெதுவாக. போன வருஷம் மாப்பிள்ளை கார் ஓட்டுகிற அழகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லப்போய், மாதக்கணக்கில் அவளால் இந்த வாசலை மிதிக்க முடியவில்லை. அப்போதாவது சொல்வதற்கு வாய் இருந்தது. கையை எடுத்துக்கொண்டார். பெற்ற பாவம்.

சாப்பாடு முடிந்து மாப்பிள்ளை ஒரு தூக்கமும் போட்டு எழுந்தார். ரிப்பேர் முடிந்திருந்தது.

"பாத்தீங்களா? ஒரு எர்ரர்கூட இல்ல, மாமா!"

எர்ரர் இல்லைதான். கோப்புறையில் இருந்த பதிவுகளும் இல்லை. படிக்க முடியாததையெல்லாம் அது துண்டு துண்டாக வெட்டி, நம்பர் போட்டு எங்கேயோ கொட்டியிருந்தது. எதைத் தட்டினாலும் கரகரவென்று இரைச்சல். ஒன்றே ஒன்று மட்டும் பேசியது.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்ட். ஒண்ணு, ரெண்டு, மூணு."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனை நாள் கழித்துக் கேட்கிற குரல்! "என்னைக் கூப்பிட்டாரே, அது எங்க மாப்பிள்ளை? அதைப் போடுங்க."

மாப்பிள்ளை தேடினார். மறுபடி தேடினார். காது சிவந்துபோய்க் கடைசியில் கடைக்காரருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் குரல் வந்தது. "ரிப்பேர் ஓட்டிட்டீங்களா? ஓட்டாதீங்கன்னு நேத்தே சாருக்கு எழுதி அனுப்பினேனே! போச்சு. கொண்டு வாங்க, பாக்கறேன். ஆனா இனிமே வரும்னு நினைக்காதீங்க."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மனைவி மட்டும் வெண்கலத்தின் பக்கம் திரும்பினாள். கண்ணெல்லாம் நீர், குரலெல்லாம் நெருப்பு.

"நேத்தே தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சுமா கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க? ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் வாயைத் திறந்தார். பழக்கம் விடுமா? கழுத்துத் துளையில் காற்று மட்டும் வந்து போனது.