பன்னிரண்டாவது கூண்டு

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து எலி அறையைத் திறந்தேன். பன்னிரண்டு கூண்டுகளும் பளபளத்தன. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். நான் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருந்த எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லை. காத்தவராயன் அண்ணன் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டிருந்தார். மில்லில் இருபது வருஷம் தறிக்குப் பொட்டு வைத்த கை. மில் மூடியபின் எங்கள் ஆய்வகத்தில் எலி பார்க்க வந்தவர். கூண்டை மட்டும் சும்மா விடுவாரா?

எழுத்து போனால் என் ஆராய்ச்சியும் போச்சு. வெள்ளையணுவின் மேல் ஒரு புரதம் உண்டு. அதில் தொங்கும் ஒருவகைச் சர்க்கரையால்தான் வெள்ளையணு ரத்தக்குழாயின் சுவரைத் தொட்டு உருண்டு, வேண்டிய இடத்தில் ஒட்டி நிற்கிறது. எங்கள் எலிகளுக்கு அந்தச் சர்க்கரையைத் தாமாகச் செய்துகொள்ள முடியாது. கூண்டுக்கு ஓர் எலி. ஆறு கூண்டுக்குக் குடிநீரில் கலந்து கொடுத்தோம். மற்ற ஆறுக்கு வெறும் தண்ணீர். எந்த ஆறு எது என்பதுதான் இப்போது தெரியவில்லை. அண்ணன் பாட்டிலையும் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றியிருந்தார். மாதக் கடைசியில் என் உதவித்தொகைக் காலம் முடிகிறது, மறுபடி செய்ய எலியும் இல்லை, நாளும் இல்லை. நோட்டில் எழுதி வைக்காத சோம்பேறி நான்தான் என்பதால் அவரைத் திட்டவும் வாய் வரவில்லை.

"எது எதுன்னு எனக்குத் தெரியும்மா. தெனம் தண்ணி வச்சவன் நானு. மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன்" என்றார்.

பன்னிரண்டும் எனக்கு ஒரே மூஞ்சியாகத்தான் இருந்தன. அவரோ வால் வளைந்தது, காது கிழிந்தது, மூலையிலேயே படுப்பது என்று அடுக்கினார். என் ஆய்வு வழிகாட்டி செந்தமிழ்ச்செல்வி மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குடித்த சர்க்கரையின் பலன் இன்னும் சில நாள் உடம்பில் இருக்கும் என்று ஒரு வழி சொன்னார். அண்ணன் தன் பட்டியலை எழுதி, உறையில் போட்டு ஒட்டி மேடத்திடம் கொடுக்க வேண்டும். நான் எதுவும் தெரியாமல் மைக்ராஸ்கோப்பில் பார்த்து என் பட்டியலை எழுத வேண்டும். பத்துக்குக் குறைவாகப் பொருந்தினால் ஆய்வேட்டில் அந்த அத்தியாயமே கிடையாது.

நான்கு நாள் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முன்பெல்லாம் இது சர்க்கரை எலி என்று தெரிந்து பார்த்தபோது என் கண் தனக்கு வேண்டியதையே தேடியது. இப்போது கண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க யாருமில்லை. பயமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மேடம் உறையைப் பிரித்தார். பதினொன்று பொருந்தியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அண்ணன் முகம் மட்டும் தெளியவில்லை. வால் வளைந்த எலிக்கு அவர் சர்க்கரை என்று எழுதியிருந்தார். நான் வெள்ளையணு ஒட்டவில்லை, வெறும் தண்ணீர் என்று எழுதியிருந்தேன். திருத்தாமல் அப்படியே போடச் சொன்னார் மேடம். அப்படியே போட்டேன்.

"அந்த வால் வளஞ்சதப் படம் புடிச்சிருக்க இல்ல? போடு, பாக்கறேன்" என்றார் அண்ணன்.

ஒன்பது வருஷமாக எலி வளர்க்கிறவர் அதன் உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் ரத்தம் ஓடியது. வெள்ளை உருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் கடந்து போயின. பத்து நிமிஷம் ஆயிற்று.

"போதும்ணா."

"இரும்மா. ஒண்ணாவது நிக்கும்."

நானும் ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டேன். சுவர் ஓரமாக ஓர் உருண்டை வந்தது. அண்ணன் அதன்மேல் விரலை வைத்தார். விரலும் உருண்டையும் சேர்ந்து, மெல்ல, இன்னும் மெல்ல, நகர்ந்துகொண்டிருந்தன.