லெயாந்த்ரோவின் பாதிப் பெயர்

கோயில் கதவுக்கு வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான் லெயாந்த்ரோ. உள்ளே போகக் கூடாது. தன் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கப்படுவதைத் தானே கேட்டால் அந்தக் கல்யாணம் விளங்காது என்பது எங்கள் ஹயேன் பக்கத்து நம்பிக்கை. மாப்பிள்ளை சதுக்கத்தில் நிற்பான், பெண் வீட்டில் இருப்பாள். ஊரில் மற்ற எல்லோரும் உள்ளே உட்கார்ந்து இருவர் பெயரையும் கேட்பார்கள். தடை ஏதாவது தெரிந்தவர் எழுந்து சொல்லலாம். மூன்று ஞாயிறு வாசித்தும் யாரும் எழவில்லை என்றால் மோதிரம் மாற்றலாம்.

இன்று வாசிப்பது முதல் ஓலை. அவன் பயந்தது ஒரே ஒரு சொல்லுக்குத்தான். எக்ஸ்போசிட்டோ.

அது அவன் அம்மா காசில்தாவின் குடும்பப்பெயர். முதலில் அப்பாவுடையது, அடுத்து அம்மாவுடையது என்று இரண்டு குடும்பப்பெயர்களையும் எங்கள் நாட்டில் எல்லோரும் சுமந்தாக வேண்டும். ஆகவே அவன் லெயாந்த்ரோ மொலேரோ எக்ஸ்போசிட்டோ. எக்ஸ்போசிட்டோ என்றால் வெளியே வைக்கப்பட்டது. அந்தக் காலத்து அநாதை இல்லச் சுவரில் மரத்தாலான சுழல்பெட்டி ஒன்று இருக்கும். பெற்றவள் தெருவிலிருந்தபடியே குழந்தையை அதில் வைத்து மணியடித்துவிட்டு முகம் காட்டாமல் போய்விடுவாள். உள்ளே இருக்கும் கன்னியாஸ்திரி பெட்டியைச் சுற்றிக் குழந்தையை எடுத்துக்கொள்வாள். அப்படி வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஒரே பெயர்தான். காசில்தாவும் அந்தப் பெட்டியில் வந்தவள்.

இந்த ஊரில் அது யாருக்கும் தெரியாது. ஆலிவ் எண்ணெய் ஆலைக்கு மேஸ்திரியாக வந்த நாள் முதல் அவன் இங்கே மொலேரோ மட்டும்தான். பஸ்ஸில் எப்போதாவது வந்துபோகும் அவன் அம்மா, மொலேரோவின் விதவை.

ஆலை முதலாளியின் பெயர் தோன் எலாதியோ பெத்மார். யாராவது 'தோன்' என்ற மரியாதையை விட்டுவிட்டுக் கூப்பிட்டால் அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்காது. மகள் தீஸ்கரை அவனுக்குக் கொடுக்கச் சம்மதித்த அன்று அவர் சொன்னார்: "எனக்குப் பணக்கார மாப்பிள்ளை வேணாம்யா. வேர் தெரிஞ்ச மாப்பிள்ளை போதும். பெத்மார்ங்கிற பேர்ல இதுவரைக்கும் ஒரு கறை கிடையாது."

லெயாந்த்ரோ தலையாட்டினான். தீஸ்கரிடம்கூடச் சொல்லவில்லை. நேராகப் பங்குச்சாமியாரிடம் போனான்.

"மொலேரோன்னு மட்டும் வாசிங்க சாமி. அப்பா அம்மா பேரெல்லாம் வேணாம்."

"என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் இல்லையே. பாதி நிஜம்."

"பாதி நிஜத்துக்கு முழுசா பாவசங்கீர்த்தனம் பண்ணணும்டா." சாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, போ. உன் மாமனார் கத்துறதைக் கேக்க எனக்கும் தெம்பில்ல."

இன்று காலை பஸ்ஸிலிருந்து இறங்கிய அம்மாவிடமும் விஷயத்தைச் சொன்னான். சம்பந்தி வீட்டுக்காகச் செய்த சோம்பு பிஸ்கோத்து டப்பாவை அவள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"பேரை மாத்திக்கலாம்னு சட்டம் வந்தப்பவே நான் மாத்தல. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்" என்றாள். பிறகு, "போகட்டும்டா. உன் பிள்ளைங்க மொலேரோ பெத்மார். எப்படியும் உன்னோட முடியுற பேரு. கொஞ்சம் முன்னாடியே முடிஞ்சா என்ன?"

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பூசை முடிந்தது. சாமியார் தொண்டையைச் செருமுவது வெளியே கேட்டது.

"லெயாந்த்ரோ மொலேரோ, இந்த ஊர்வாசி. தோன் எலாதியோ பெத்மாருக்கும் காலஞ்சென்ற ரமோனா கோபோவுக்கும் மகளான தீஸ்கர் பெத்மார் கோபோ. இவர்கள் இருவரும்..."

லெயாந்த்ரோ மூச்சை விட்டான். விட்ட மூச்சு அடங்குவதற்குள் உள்ளே ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. கதவோரம் நின்ற ஆண்கள் பேசியது அவனுக்குத் தெளிவாகவே கேட்டது.

"என்னப்பா, ஒத்தப் பேரு?"

"அப்பன் பேரு இல்லாதவனுக்குத்தான் ஒத்தப் பேரு. மொலேரோங்கிறது ஆத்தா பேரா இருக்கும்."

"அந்தம்மா விதவைன்னாங்களே?"

"கல்யாணம் ஆனாத்தானே விதவை ஆகுறதுக்கு."

யாரோ சிரித்தார்கள். அம்மாவின் பெயரை மறைப்பதிலேயே குறியாக இருந்த லெயாந்த்ரோவுக்கு இது தோன்றவே இல்லை. ஒரு பெயரை விழுங்கியதில் செத்துப்போன அப்பாவையே இல்லாமல் ஆக்கிவிட்டான். அம்மாவை ஊர்ச் சந்தியில் நிறுத்திவிட்டான்.

"தடை ஏதும் அறிந்தவர் சொல்லலாம்" என்றார் சாமியார், அவசரமாக.

பெஞ்சு கிறீச்சிட்டது.

"எனக்குத் தெரியும் சாமி."

அம்மாவின் குரல். நம்பிக்கையாவது ஒன்றாவது என்று கதவைத் தள்ளிக்கொண்டு லெயாந்த்ரோ உள்ளே ஓடினான்.

காசில்தா முக்காட்டை விலக்கியிருந்தாள். "நீங்க வாசிச்சது பாதிதான். இவன் அப்பா பேரு ஹினேஸ் மொலேரோ. கோயில்ல வச்சு, ஊர் பாக்க எனக்கு மோதிரம் போட்டவரு. என் பிள்ளைக்கு அப்பா உண்டு. அப்பனும் ஆத்தாளும் யாருன்னு தெரியாதது எனக்குத்தான். என் பேரு காசில்தா எக்ஸ்போசிட்டோ. அதையும் சேத்து வாசிங்க."

முதல் பெஞ்சிலிருந்து தோன் எலாதியோ எழுந்தார். கைத்தடி தரையில் ஓங்கி இறங்கியது.

"மேஸ்திரி, நாளையிலிருந்து ஆலைப்பக்கம் தலை காட்டாதே."

"வாசிக்க வேணாம்னு சொன்னது நான்தான். அம்மா இல்ல" என்றான் லெயாந்த்ரோ. போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டான்.

கூட்டம் சதுக்கத்தில் கொட்டியது. எதிரே இருந்த தன் வீட்டு மாடியிலிருந்து பார்த்துவிட்டு, கையில் ஒட்டிய மாவோடு இறங்கி வந்தாள் தீஸ்கர்.

"என்ன ஆச்சு?"

"கல்யாணம் கிடையாது" என்றார் அப்பா. "இவன் ஆத்தா பெட்டியில கிடந்தவ. அந்தப் பேரு நம்ம பேரோட சேராது."

தீஸ்கர் லெயாந்த்ரோவிடம் திரும்பினாள். "நிஜமா?"

"நிஜம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? எங்க அப்பாவுக்குப் பயமா?"

"உனக்குப் பயந்தேன்."

அவள் முகம் இறுகியது. "என்னை இவ்வளவுதான்னு நினைச்சிருக்கே. அடுத்த ஞாயிறு வரைக்கும் என் கண்ணுல படாதே."

தோன் எலாதியோ திருப்தியாகத் தலையாட்டினார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, உங்களுக்கு ஆண் பிள்ளை இல்ல. அவங்க பேரு இவரோட முடிஞ்சு போகுது. உங்க பேரு நான் பெக்கிற பிள்ளைங்களோட முடிஞ்சு போகுது. ஒரு தலைமுறை வித்தியாசம். அதுக்கா இந்த ஆட்டம்?"

கூட்டத்தில் யாரோ "அடடா" என்றார்கள்.

"சாமி, அடுத்த ஞாயிறு முழுசா வாசிங்க" என்றாள் தீஸ்கர். "நான் உள்ள உக்காந்தே கேப்பேன். விளங்காமப் போனா போகட்டும்." பிறகு காசில்தாவின் கையிலிருந்து பிஸ்கோத்து டப்பாவை வாங்கிக்கொண்டாள். "இது எங்களுக்குத்தானே அத்தை?"

அந்த வாரம் பெத்மார் வீட்டில் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. ஆலையில் புது ஆள் நின்றான். லெயாந்த்ரோ வாடகை அறையில் பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான்.

இரண்டாவது ஞாயிறு கோயிலில் நிற்க இடமில்லை. கடைசி பெஞ்சில் காசில்தாவும் தீஸ்கரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். லெயாந்த்ரோ கதவோரம் நின்றான். தீஸ்கர் அவனை ஒருமுறை பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் பார்த்தாள். முதல் பெஞ்சில் தோன் எலாதியோ, கைத்தடியின் மேல் தாடையை ஊன்றி இருந்தார்.

சாமியார் ஓலையை விரித்து வாசித்தார்.

"காலஞ்சென்ற ஹினேஸ் மொலேரோவுக்கும் காசில்தா எக்ஸ்போசிட்டோவுக்கும் மகனான லெயாந்த்ரோ மொலேரோ எக்ஸ்போசிட்டோ. எலாதியோ பெத்மாருக்கும் காலஞ்சென்ற ரமோனா கோபோவுக்கும் மகளான தீஸ்கர் பெத்மார் கோபோ. தடை ஏதும் அறிந்தவர் சொல்லலாம்."

தோன் எலாதியோ எழுந்தார்.

தீஸ்கரின் விரல்கள் காசில்தாவின் கையை இறுக்கின. லெயாந்த்ரோ கதவைப் பிடித்துக்கொண்டான்.

"சாமி, என் பேருக்கு முன்னாடி தோன் விட்டுப்போச்சு" என்றார் அவர். "அடுத்த ஞாயிறாவது முழுசா வாசிங்க."

உட்கார்ந்துவிட்டார்.