பதினொரு மணிக்கு நன்றாக இருப்பவள்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. நான்கு மாதத்துக்கு முன் எனக்கு முடக்குவாதம்* என்றார் டாக்டர். என் நோய் எதிர்ப்புச் சக்தி என் மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறதாம். கேள்விப்பட்ட அத்தனை பேரும் அன்றே டாக்டராகிவிட்டார்கள். உருளைக்கிழங்கை நிறுத்தச் சொன்னவர்களின் பெயர்களை [இங்கே எழுதி அடித்துவிட்டேன். விளாங்குடியில் இன்னும் குடியிருக்க வேண்டும்].

என்னைப் பற்றியே எழுதத் தெம்பில்லை. அதனால் வலியைத் தாமரைச்செல்விக்குக் கொடுத்தேன். முப்பத்தொரு வயது. செல்லூரில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். நைட்டி தைக்கும் பட்டறையில் வேலை.

* "வாதமா? அது வயசானவுகளுக்குல்ல வரும்?" என்று கேட்க நினைப்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2

முதல் தொடக்கம்: "தாமரைச்செல்வியின் விரல்கள் வாடிய மலர்களைப் போல..." சீச்சி.

இரண்டாவது: "காலை ஐந்தரைக்கு அவளால் குழாயைத் திறக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்தித் திருப்பினாள். பதினொரு மணிக்கு அதே விரல்களால் ஊசியில் நூல் கோத்தாள்."

இதை வைத்துக்கொண்டேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

3

என் கதைகளை அச்சுக்கு முன் படிப்பவன் சிவக்குமார். நல்லவன்தான். போன் செய்தான்.

"அக்கா, லாஜிக் இடிக்குதே. காலைல குழாயத் தொறக்க முடியாதவ, பதினோரு மணிக்கு நூல் கோக்குறாளா?"

"அதுதான்டா வியாதி. விடியக்காலம் மூட்டு இறுகிக் கெடக்கும். நேரம் போகப் போகத்தான் இளகும்."

"சரிக்கா, படிக்கிறவுக நம்பணும்ல? நொண்டுற மாதிரி வைங்க. இல்லாட்டி ஒரு கம்பாச்சும் ஊண்டட்டும்."

என் நோயைப் பிழை என்று திருத்தச் சொல்கிறான்! இதைவிடக் கேவலம், நான் திருத்திப் பார்த்தேன். "தாமரைச்செல்வி கம்பை ஊன்றியபடி பட்டறைக்குள்..." அரைப் பக்கம் ஓடியது. நம்பும்படியாகவும் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். மொத்தத்தையும் அடித்தேன்.

4

அவள் கேட்பது ஒன்றுதான். எட்டு மணிக்குப் பதிலாகப் பத்து மணிக்கு வர வேண்டும். இந்த மாதம் மூன்று நாள் தாமதம். நான்காவது நாள் தாமதமானால் வேலை இல்லை. முதலாளி சிவபாண்டி பட்டறைக்கு வருவதே பதினொரு மணிக்கு.

"அண்ணே, காலைல வெரல் மடங்க மாட்டேங்குது. பத்து மணிக்கு வாரேன். சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கூட இருந்து தச்சுக் குடுத்துட்டுப் போறேன்ணே."

"இந்தா, கை இம்புட்டு வேகமா ஓடுது. எங்கிட்டயே நடிக்கிறியா?"

"விடியக்காலம் வீட்டுக்கு வந்து பாருங்கண்ணே."

"எனக்கு வேற சோலி இல்லையாக்கும்?"

இதை எழுதும்போது எனக்குச் சிவக்குமாரின் குரல்தான் கேட்டது. இனி இந்தக் கதை அவனுக்குப் போகாது.

5

முடிவுகள் மூன்று எழுதினேன். சிவபாண்டி மனம் மாறி... (எனக்கே சிரிப்பு வந்தது.) அவள் சொந்தமாகத் தையல் கடை வைத்து... (கடையையும் காலையில்தானே திறக்க வேண்டும்?) சிவபாண்டிக்கே இந்த நோய் வந்து... (கூடாது. எவ்வளவு கோபம் இருந்தாலும் இது யாருக்கும் வர வேண்டாம்.)

நாளையும் தாமதமானால் அது நான்காவது நாள். சிவபாண்டி அவள் வீட்டுக்குப் போக மாட்டார். நீங்கள் போங்கள். ஐந்தரைக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். "வாரேன்" என்று உடனே குரல் வரும். கதவு திறக்காது. உள்ளே தாழ்ப்பாள் கொஞ்சம் நகரும், நின்றுவிடும், மறுபடி நகரும். வெளியிலிருந்து நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. வேண்டுமென்றே திறக்கவில்லை என்று நினைத்துத் திரும்பிவிடலாம். பலர் அப்படித்தான் திரும்பினார்கள்.

நில்லுங்கள் என்று நான் கெஞ்ச மாட்டேன். கெஞ்சி அலுத்துவிட்டது. அவள் இன்னொரு தடவை தாழ்ப்பாளைப் பிடிக்கிறாள்.