வண்டிக்கு முன்னால் வந்த நிழல்

1974ஆம் வருடம் தை மாதம் கடைசி வெள்ளிக்கிழமை, திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருவுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், சோடாக்காரர் சக்கரபாணியின் வீட்டு வாசலுக்கு ஒரு சின்ன சரக்கு வண்டியின் நிழல் வந்து சேர்ந்தது. வண்டி வரவில்லை. காலை ஏழு மணிக்கு வாசல் தெளிக்க வந்த அவர் மனைவி ஜோதியம்மாள்தான் முதலில் பார்த்தாள். முன்னால் டிரைவர் உட்காரும் அறை, பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த பெட்டி, கீழே சக்கரங்கள், எல்லாம் தரையில் கறுப்பாக, ஒரு பிசகில்லாமல் விழுந்திருந்தன. சாணித் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தாள். தரை நனைந்தது, நிழல் அப்படியே இருந்தது. கோலத்தை அன்றைக்குச் சற்றுத் தள்ளிப் போட்டாள்.

இதற்கு முந்தைய ஆவணியில் சக்கரபாணி அந்த வண்டிக்குப் பதிவு செய்திருந்தார். கோலி சோடாவை மாட்டு வண்டியில் ஏற்றிச் செங்கம், தண்டராம்பட்டு என்று ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போடுவது அவர் தொழில். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் பாட்டில் உடையும். ஒருமுறை வண்டியோடு அவரும் கவிழ்ந்து வலது முழங்கை முறிந்தது. கட்டுப் போட்டவர் சரியாகப் போடாததால் அந்தக் கை கடைசி வரை வெளிப்பக்கமாகக் கோணிக்கொண்டே நின்றது. பதிவு செய்யும் படிவத்தில், வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. காகிதத்தில் கேட்டால் உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிற மனிதர் அவர். ‘வீட்டு வாசலில்’ என்று எழுதிவிட்டு, எழுதியது பொய்யாகிவிடக் கூடாதே என்று, வாசலில் நின்ற பூவரச மரத்தை அந்த வாரமே வெட்டிப்போட்டார். கம்பெனிக்காரர்களோ மூன்று வருடம் ஆகும் என்று பதில் போட்டார்கள். அந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் ஜோதியம்மாள் நாள் முழுக்க பாட்டில் கழுவுவாள். ஐந்து மாதம் அவள் வாய் ஓயவில்லை.

“வண்டியும் வரல, இருந்த நெழலும் போச்சி. வெயில்ல ஒக்காந்து யாரு பாட்டில் கழுவறது?”

“வண்டி வந்தா அதும் நெழல் குடுக்கும் ஜோதி” என்பார் சக்கரபாணி. அவர் சொன்னதில் பாதி நடந்துவிட்டது. எதிரே பஞ்சர் கடை வைத்திருந்த அப்துல் ரசாக் வந்து நிழலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நீங்க அட்வான்ஸ் கட்டினீங்க இல்ல அண்ணே? அவங்களும் அட்வான்ஸா நெழல அனுப்பிட்டாங்க. மிச்சம் பின்னால வரும்” என்றார். இதைவிட நல்ல விளக்கம் யாருக்கும் தோன்றாததால் தெரு அதையே வைத்துக்கொண்டது.

மற்றபடி அது ஒழுங்கான நிழல். காலையில் நீளமாகக் கிடக்கும், உச்சிப்பொழுதில் சுருங்கும், பிற்பகலில் எதிர்ப்பக்கம் நீளும். ஊர் மலைக்குக் கிழக்கே இருப்பதால் நாலரை மணிக்கெல்லாம் மலையின் நிழல் இறங்கித் தெருவை மூடிவிடும்; மற்ற நிழல்களோடு அதுவும் அதில் கரைந்துபோகும். ஜோதியம்மாள் தொட்டியை அதற்குள் நகர்த்திக்கொண்டாள். நிழல் நகர நகர அவளும் நகர்ந்து உட்கார்ந்து கழுவினாள். கம்பெனியிலிருந்து வருடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. வரிசை எண் 612 என்றது, 540 என்றது, தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்த வருடம் எப்படியோ மறுபடி 588 என்றது. சக்கரபாணி எல்லாவற்றையும் மரியாதையாகப் படித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நிழலின் சக்கரம் விழும் இடத்தில் கல் முள் கிடந்தால் பொறுக்கிப் போடுவார். கேலி செய்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

1979 புரட்டாசியில் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. பதினோரு நாள் படுத்திருந்தார், பன்னிரண்டாம் நாள் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜோதியம்மாள் வாசலுக்கு வந்தபோது, நிழல் வண்டியின் டிரைவர் இடத்தில் ஒரு ஆள் நிழல் இருந்தது. வலது கையைக் கதவின் மேல் போட்டிருந்தது. முழங்கை வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். செத்துப்போனார் என்பதற்காக அழுததைவிட அதிகமாக, அவருக்கு உட்கார ஓர் இடம் கிடைத்துவிட்டதே என்று அழுதாள். அன்றிலிருந்து தொட்டியை அந்த முழங்கைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். எந்தக் கடைக்காரன் காலி பாட்டிலைத் திருப்பித் தரவில்லை, எந்த மாடு நொண்டுகிறது, மகன் முருகையனுக்கு மீசை வந்துவிட்டது என்று பேசிக்கொண்டே கழுவினாள். அவர் உயிரோடு இருந்தபோது இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து அவள் பேச்சைக் கேட்டதில்லை.

1984ஆம் வருடம் மாசி மாதத்தில் கடைசிக் கடிதம் வந்தது. வண்டி தயார், பதிவு செய்தவரோ அவருடைய வாரிசோ பதினைந்து நாளுக்குள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், தவறினால் பதிவு ரத்தாகி வண்டி அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. முருகையனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இருந்த ஒரே ஜோடி மாட்டில் ஒன்று ஐப்பசியில் செத்திருந்தது. பெங்களூரில் லாரி ஓட்டக் கூப்பிட்டு நண்பன் எழுதிய கடிதம் அவன் சட்டைப் பையில் இருந்தது.

“வண்டி வந்தா இங்கயே இருக்கேம்மா. இல்லன்னா பெங்களூர் போறேன். மாடும் இல்ல, வண்டியும் இல்ல, சோடாவ தலையில தூக்கினு நான் செங்கம் போவ முடியுமா?”

அவன் கேட்டதில் தப்பில்லை. வண்டி வந்தால் நிழல் வண்டியோடு போய்விடும், வராவிட்டால் மகன் போய்விடுவான். இரண்டில் ஒருவரை அவள் தன் கையாலேயே வழியனுப்ப வேண்டும். ரசாக்கிடம் போய்க் கேட்டாள். அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே, “நெழல் வண்டியோடதுக்கா. வண்டி எங்க போவுதோ அங்கதான் போவும். நம்ம புடிச்சி வெக்க முடியாது” என்றார். சொன்ன பிறகு மனசு கேட்காமல், கடையைச் சாத்திவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு தபாலாபீசுக்குப் போய் மெட்ராஸ் கம்பெனிக்கு டிரங்கால் போட்டார். வண்டியை மட்டும் அனுப்பிவிட்டு நிழலை இங்கேயே விட்டுவைக்க வழி உண்டா என்று கேட்டார். அந்தப் பக்கம் பேசிய குமாஸ்தா மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்து, “பார்ட் டெலிவரியெல்லாம் கெடையாதுங்க. எடுத்தா முழுசா எடுக்கணும்” என்றார்.

பதினைந்தாம் நாள் காலையிலிருந்து ஜோதியம்மாள் பாட்டில் கழுவவில்லை. சம்மதக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நிழலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “நீங்களே சொல்லுங்க” என்றாள். கோணல் முழங்கை அசையவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவர் இப்படித்தான். எதைக் கேட்டாலும் உன் இஷ்டம் என்பார். “எல்லாத்துக்கும் என் இஷ்டம்னா நான் எங்க போவேன்?” என்று கேட்டாள். சந்தில் போனவர்கள் அவளைப் பார்க்காதது போலப் போனார்கள். கடைசித் தபால் எடுக்க ஆறு மணி. நாலரைக்கு மலையின் நிழல் இறங்கி வாசலை மூடியது. அவருக்குத் தெரியாமல் செய்ய அவளுக்கு வேறு நேரம் இல்லை. அப்போதுதான் கையெழுத்துப் போட்டாள்.

சித்திரையில் முருகையன் மெட்ராஸ் போய் வண்டியை எடுத்துவந்தான். நீல நிறம். செஞ்சி வரைக்கும் யாரும் எதையும் கவனிக்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் டீ குடிக்க நிறுத்தியபோது, நல்ல வெயிலில் நிற்கிற வண்டிக்கு நிழல் இல்லையே என்று கடைக்காரர் கேட்டார். “அது ஊட்டுல கீது” என்றான் முருகையன். பன்னிரண்டு மணிக்குச் சந்துக்குள் வந்து, பத்து வருடமாகக் கிடந்த நிழலின் மேல் பின்னால் எடுத்து நிறுத்தினான். இம்மி பிசகாமல் பொருந்தியது. அன்று நிழல் வண்டிக்கு வெளியே நீண்ட மூன்று மணியிலிருந்து மலையின் நிழல் இறங்கும் வரை ஜோதியம்மாள் அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பி வருவார், ஊரில் எல்லார் வீட்டுக்காரரும் அப்படித்தானே என்று மனதைத் தேற்றிவைத்திருந்தாள்.

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. சோடா லோடு வெயில் ஏறுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், சூடேறினால் பாட்டில் வெடிக்கும். இருபது வருடம் கழுவி நிரப்பியவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அந்தப் பதினைந்து நாளில் நினைவுக்கு வரவில்லை. வண்டி பொழுது விடியும் முன்பே கிளம்பியது; அப்போது எந்தப் பொருளுக்கும் நிழல் கிடையாது. காலி பாட்டிலெல்லாம் சேகரித்துக்கொண்டு ஐந்து மணிக்குத் திரும்பியது. அதற்குள் மலை தெருவை மூடியிருந்தது. சோடாவுக்கு லீவு நாள் என்று ஒன்று இல்லை. பண்டிகையென்றால் இரண்டு லோடு. அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் முருகையன் ஒருநாள் எட்டு மணி வரை வண்டியை எடுக்காமல் வைத்திருந்தான். அவள் நிழலிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் பதினெட்டு பாட்டில் வெடித்தன. ஒரு கண்ணாடிச் சில்லு பறந்துபோய் ரசாக் காயவைத்திருந்த டியூபைக் கிழித்தது. “வேணாம்பா, நீ நேரத்துக்குக் கெளம்பு” என்று சொல்லிவிட்டாள்.

வாசலில் வெயில் பத்து வருடம் கழித்து விழுந்தது. அங்கே அவள் ஒரு கித்தான் கட்டிக்கொண்டு அதன் கீழே கழுவினாள். முதல் சில மாதம் தண்ணீர் மொள்ளும் சாக்கில் யாருக்கும் தெரியாமல் அழுதாள், பிறகு தெரியவே அழுதாள். அதை நிறுத்த யாராலும் முடியவில்லை, அவளாலும் முடியவில்லை. அவர் எப்படி இருக்கிறார் என்பதை வண்டி போகிற ஊர்க்காரர்கள்தான் வந்து சொன்னார்கள். செங்கம் பஸ் ஸ்டாண்டில் மோர் விற்கும் கன்னியம்மாள் செவ்வாய்க்கிழமைதோறும் பானை வாங்க இந்தப் பக்கம் வருவாள். வந்தால் சொல்லாமல் போகமாட்டாள்.

“இன்னிக்கும் ஒன் ஊட்டுக்காரரப் பாத்தேங்கா. ஓட்றது ஒன் புள்ள, ஆனா தரையில பாத்தா அவருதான். கைய வெளிய போட்டுக்கினு போறாரு.”

“நல்லா இருக்காரா?”

“நல்லா இருக்காரு. லோடு ஏத்தற ஆளு பக்கத்துல ஒக்காந்துனுதான் வரான், ஆனா நெழல்ல மட்டும் அந்த சீட்டு காலியா கீதுக்கா. யாருக்கோ எடம் போட்டு வெச்ச மாதிரி.”

ஜோதியம்மாள் பாட்டிலுக்குள் விரலை விட்டுக் கோலியை உருட்டிப் பார்த்தாள். அழுக்குப் போயிருந்தது.

“இருக்கட்டும். எனக்கு இங்க இன்னும் கொஞ்சம் வேல கீது, முடிச்சிட்டு வரேன்னு சொல்லு” என்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமை கன்னியம்மாள் வந்து, சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.