கிரீச்சிடாத நாற்காலி

ஓத்தகர் வீட்டுக் கூடத்தில் இரண்டு பெரிய பியானோக்கள் எதிரும் புதிருமாக நின்றன. ஒன்றின் வளைவுக்குள் மற்றது பொருந்தியிருக்கும். வாசிக்க உட்கார்ந்தால் எதிரே இருப்பவரின் கை தெரியாது, முகம் மட்டும்தான். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த முகம் அவர் மனைவி யர்மிலாவுடையது. பில்சன் ஊர்க்காரர்கள் அவர்களுக்கு 'பீர்வண்டிக் குதிரைகள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜோடியாகத்தான் பூட்ட முடியுமாம். மார்ச் மாதத்தில் ஒரு குதிரை போய்ச் சேர்ந்தது.

அவள் முதல் பியானோ, இவர் இரண்டாவது. அதனால் எந்தச் சங்கீதமும் இவருக்குப் பாதிதான் தெரியும். தனியாக வாசித்தால் மொசார்ட்டின் பதில்கள் மட்டும் வந்தன. கேள்விகளெல்லாம் எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டன. யாரோ தொலைபேசியில் பேசுவதைப் பக்கத்திலிருந்து கேட்பதுபோல் இருந்தது. கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டார். சாப்பாடு, வானொலி, தூக்கம். பேச வேண்டிய அவசியமே இல்லாமல் முழு வாரங்கள் கழிந்தன.

இந்த இடத்தில் அவருடைய நாற்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதுகுவலிக்காரர் என்பதால் அவர் பியானோ முக்காலியில் உட்காருவதில்லை. சமையலறை நாற்காலிதான். முன்னால் சாய்ந்தால் போதும், கிரீச்சென்று ஊரைக் கூட்டும். ஒலிப்பதிவுக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். அவரும் எத்தனையோ தடவை தச்சரைக் கூப்பிடப் போனார். யர்மிலா விட்டால்தானே?

"நாற்காலில கைய வச்சே, அப்புறம் நான் வாசிக்க மாட்டேன், பாத்துக்கோ."

"ஊரே சிரிக்குதுடி!"

"சிரிக்கட்டும். ஓசில கேக்க வந்தவங்களுக்கு அது போதும்."

அடக்கம் முடிந்த மறுவாரமே ஓத்தகர் தச்சர் வாவ்ராவைக் கூப்பிட்டு நாற்காலியைச் சரிசெய்துவிட்டார். பெண்டாட்டியிடம் ஒரு வழக்கிலாவது ஜெயிக்க, பாவம், எதிராளி இல்லாதபோதுதான் முடிந்தது. ஜெயித்த அன்று அவர் சமையலறையில் நின்றுகொண்டு அழுதார்.

ஊர்ச் சங்கீத சபையில் இலையுதிர்காலம்தோறும் ஒரு ஞாயிறு மாலை, உறுப்பினர்கள் கேட்டதை இருவரும் வாசிப்பார்கள். வருடம் தவறாமல் கேட்பது இரண்டு பியானோவுக்காக மொசார்ட் எழுதிய இசையைத்தான். இந்த வருடமும் அதையே கேட்டார்கள். இசைப்பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் இவோனா முதல் பியானோ வாசிக்க முன்வந்தாள். ஓத்தகர் சரி என்றார், ஒரு நிபந்தனையோடு. "ஞாயித்துக்கெழமை ஒழுங்கா அமையலேன்னா, யர்மிலாவோட பியானோவ நீங்களே பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. அது சும்மா நின்னு என்னைய முறைச்சுக்கிட்டு இருக்க வேணாம்." பள்ளியும் திங்கட்கிழமைக்கு லாரிக்குச் சொல்லிவைத்துவிட்டது.

ஒத்திகை முதல் நொடியிலேயே விழுந்தது. அந்த இசை இரண்டு பியானோவும் ஒரே அடியாக, ஒரே குரலாக எழவேண்டியது. இவோனா தலையை ஆட்டிவிட்டுத் தொடங்கினாள். ஓத்தகர் ஒரு மயிரிழை பிந்தினார். மறுபடி முயன்றார்கள், மறுபடியும் பிந்தினார். படியிறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிட்டதுபோல் ஒவ்வொரு தடவையும் தடுக்கியது.

"புரொஃபசர், நான் தலையாட்டுறது தெரியலையா?"

"தலைய யாரும்மா பாத்தா? யர்மிலா மூச்சு இழுப்பா. அத வச்சுத்தான் நான் வாசிப்பேன். நீ மூச்சே விட மாட்டேங்கிற."

"விட்டுக்கிட்டுதான் இருக்கேன். இல்லாட்டி செத்துல்ல போயிருப்பேன்." சொன்ன பிறகு இவோனா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பரவால்ல," என்றார் ஓத்தகர். எழுந்துபோய், தானும் அவளும் வாசித்த பழைய வானொலிப் பதிவைத் தேடி எடுத்தார். "கேளு. அவ எப்படி மூச்சு இழுக்குறான்னு கேட்டாத்தான் உனக்குப் புரியும்."

இருவரும் நின்றுகொண்டே கேட்டார்கள். முதலில் கிரீச். பிறகு மெல்லிய ஒரு மூச்சு. பிறகு இரண்டு பியானோவும் ஒன்றாக எழுந்தன.

"இந்த இழவெடுத்த நாற்காலி," என்று ஓத்தகர் முணுமுணுத்தார்.

"இன்னொரு தடவ போடுங்க." இவோனா அடுத்த பகுதியின் தொடக்கத்தையும், அதற்கடுத்ததையும் கேட்டாள். எல்லாவற்றிலும் கிரீச், மூச்சு, இசை. வரிசை மாறவே இல்லை. "புரொஃபசர், நீங்க அவங்க பின்னால போகல. நீங்க சாஞ்சு நாற்காலி கத்துனதுக்கப்புறம்தான் அவங்க மூச்சே எடுக்குறாங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்காங்க."

"உளறாத. அவதான் முதல் பியானோ."

"காது உங்களுக்கும் இருக்குல்ல? கேளுங்க."

கேட்டார். இத்தனை காலமும் தான் அவளைத் தொடர்ந்து போனதாக நினைத்திருந்தார். அவளோ இவர் தயாராகும்வரை கையை விசைகளின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறாள். சாப்பாட்டு மேசையிலும் அப்படித்தான். சூப் ஆறி ஆடை கட்டினாலும் இவர் கரண்டியை எடுக்காமல் அவள் எடுத்ததில்லை. அவளுக்குப் பசி மந்தம் என்று நினைத்திருந்தார். அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்போல் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை.

இவோனா போனதும் தச்சருக்குத் தொலைபேசி செய்தார். "வாவ்ரா, அந்தச் சத்தத்தத் திரும்ப வர வைக்க முடியுமா?"

"என்னது? சத்தத்த நிறுத்தச் சொல்லித்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. மூட்டு மூட்டாப் பிரிச்சுப் பசை வச்சுருக்கேன் சாமி. இனி அது ஜென்மத்துக்கும் வாயத் திறக்காது."

ஞாயிறு மாலை சபை நிரம்பியிருந்தது. ஓத்தகர் தன் நாற்காலியை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். இவோனா கையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். தலையாட்டவில்லை. காத்திருந்தாள். அவர் முன்னால் சாய்ந்தார். நாற்காலி ஊமையாக இருந்தது. எதிரே மூச்சும் வரவில்லை. கூட்டத்தில் யாரோ செருமினார்கள். லாரி நாளைக்கு வரும் என்ற நினைப்பு ஓடியது. இனி யாரும் தொடங்கித் தரமாட்டார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாயைத் திறந்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி மூச்சை இழுத்தார். அது யர்மிலாவின் மூச்சு, அதே நீளம், அதே சிறு நடுக்கம். இரண்டு பியானோவும் ஒன்றாக எழுந்தன.

கைதட்டல் ஓய்ந்ததும் இவோனா கேட்டாள், "வியாழக்கிழமை வரட்டுமா? அடுத்த உருப்படியையும் எடுத்துப் பாத்துடலாம்."

"வா. கசகசா வச்ச ரொட்டி வாங்கி வைக்கிறேன். லாரிக்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடு."

மறுநாள் காலை வெயில் கூடத்துக்குள் வந்திருந்தது. ஓத்தகர் நாற்காலியை அதன் பழைய இடத்தில் போட்டு உட்கார்ந்தார். எதிரே யர்மிலாவின் பியானோ திறந்து கிடந்தது, அதற்குப் பின்னால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் தெரிந்தது. கைகளை விசைகளின் மேல் வைத்தார். முன்னால் சாயவில்லை. மூச்சும் இழுக்கவில்லை.

"நீ எப்ப சொல்றியோ அப்ப," என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவர் காத்திருந்தார்.