மன்றாட்டில் இருந்த பெயர்

"பணத்த அனுப்பப் போறீங்களா, இல்ல நான் வேற கடைக்குப் போகட்டுமா அண்ணாச்சி?"

விக்டோரியா மேசையில் தட்டிய தட்டில் ஜீவமணியின் டீ சிந்தியது. தூத்துக்குடியில் அவர்கள் தெருவே மின் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் கட்டுவது அவருடைய கம்ப்யூட்டர் சென்டரில்தான். இன்று அவள் வந்தது வேறு அவசரத்துக்கு. கப்பலில் இருக்கும் அவள் கணவன் ஜெஸ்டினுக்கு எஞ்சின் அறையில் விபத்து என்று காலையில் மெயில் வந்திருந்தது. ஆபரேஷனுக்கு உடனே இரண்டு லட்சம் அனுப்ப வேண்டும். வீட்டுக்குக் கூரை போட வைத்திருந்த பணமே அவ்வளவுதான்.

"அனுப்ப மாட்டேன் தங்கச்சி. கம்பெனி மெயிலுன்னா கம்பெனி முகவரியிலல்லா வரணும்? இது யாரு வேணும்னாலும் ஓசியில தொடங்குத முகவரி. பணமும் யாரோ தனி ஆளு கணக்குக்கு. போதாததுக்கு, யாருட்டயும் சொல்லாத, இந்த நம்பரத் தவிர வேற எங்கயும் போன் பண்ணாதன்னு வேற எழுதியிருக்கான். அடிபட்டவனுக்கு எதுக்கு ரகசியம்?"

"உங்க வீட்ல அடிபட்டாலும் இப்படித்தான் வக்கீலு மாதிரி கேள்வி கேப்பீங்களா? மனுசன்தானா நீங்க?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜீவமணியின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"திட்டுங்க. உக்காந்து திட்டுங்க. இந்த மெயில மட்டும் ஒருக்கா சத்தமா வாசிங்க."

அவள் வாசித்தாள். கப்பலின் பெயர் சரி. கொழும்பில் ஏறியது சரி. 'செகண்ட் இன்ஜினியர் ஜெஸ்டின்' என்ற இடத்தில் நின்றாள்.

"இன்ஜினியரா? அவரு மோட்டார்மேன்லா. எஞ்சினுக்கு எண்ணெய் விடுத வேலை."

"சம்பளம் குடுக்குத கம்பெனிக்கு அது தெரியாதாக்கும்?"

உலகத்தில் ஜெஸ்டின் இன்ஜினியராக இருந்தது ஒரே இடத்தில்தான். போன வாரம் பங்குக் கோயிலின் முகநூல் பக்கத்தில், கடலில் இருப்பவர்களுக்கான மன்றாட்டைக் கப்பல் பெயர், ஏறிய ஊரோடு எழுதிப் போட்ட அவன் தங்கை ஷெர்லின், பாசத்தில் அண்ணனுக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டாள். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருந்தார்கள்.

மெயிலில் இருந்த எண்ணை ஜீவமணி தொடவே விடவில்லை. ஜெஸ்டினைக் கப்பலில் ஏற்றிவிட்ட ஏஜெண்டின் எண் அவள் போனில் முன்பே இருந்தது. அவரிடம் பேசிய சற்று நேரத்தில் ஜெஸ்டினின் குரலே போனில் வந்து விழுந்தது: "ஏளா, எனக்கு என்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன். குழம்புலதான் உப்பு இல்ல."

விக்டோரியா அழுதாள். அழுகை நின்றதும் கோபம் வந்தது. இதுவரை ஜீவமணியிடம் காட்டியதெல்லாம் கோபமே இல்லை. கடலில் இருப்பவர்களின் உயிருக்காக ஊர் முழங்காலிட்டுக் கேட்டதை எவனோ ஒருவன் உட்கார்ந்து வாசித்து, விலை போட்டிருக்கிறான். உண்டியலை உடைக்கிறவன்கூட ஜெபத்தைத் தொடமாட்டான்.

"அவன் கையி விளங்காமப் போவும். இருங்க அண்ணாச்சி, ஒரு பதில் எழுதுதேன், நாண்டுக்கிட்டு சாவணும் அவன்!"

"பதிலே போடாதீங்க. போட்டா, இங்கன ஆளு வாசிக்குதுன்னு தெரிஞ்சு இன்னும் பத்து அனுப்புவான். அழிக்கவும் செய்யாதீங்க, அதுதான் சாட்சி. சைபர் கிரைம் நம்பரு 1930-க்குப் புகார் சொல்லுவோம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்கள என்னெல்லாமோ சொல்லிட்டேன்."

"அது கெடக்கட்டும். சிந்துன டீக்கு மட்டும் துட்டக் குடுங்க."

சிரிக்க வாய் திறந்தவள் அப்படியே நின்றாள். அந்த மன்றாட்டில் ஜெஸ்டினுக்கு அடுத்த பெயர் சிலுவை. அவனையும் கப்பலில் ஏற்றிவிட்டது அதே ஏஜெண்ட்தான். அவன் மனைவி பிரிஜித்தாவுக்கு இது நிறைமாதம். போன் அடித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

பிரிஜித்தா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கையில் வங்கிப் புத்தகம். கண்கள் வீங்கியிருந்தன.

"எங்களா போற?"

"எங்கயும் இல்ல மைனி. சும்மா... இங்கனதான்."

விக்டோரியா கோபத்தை அடக்கிக்கொண்டு சாவியை வாங்கிக் கதவைத் திறந்து, அவளை உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தாள்.

"யாருட்டயும் சொல்லாதன்னு எழுதியிருக்கானா? எங்கிட்ட சொல்லு. ஏஜெண்டுட்ட நான் பேசுதேன். நீ முதல்ல தண்ணியக் குடி."