சுவரில் எழுதிய எட்டு

செவ்வாய்க்கிழமை என்றால் புகோம் கரையில் யாரும் மீன் பிடிக்க இறங்குவதில்லை. அன்று கடலுக்கு ஓய்வு. வள்ளங்கள் மணலில் வரிசையாகக் கிடந்தன. ஆனாலும் மறுநாளைக்கு ஐஸ் வேண்டுமே. கிடங்கில் வேலை செய்யும் அக்பெகோ ஐஸ் பாளத்தைக் கொக்கியால் இழுத்துப் போட்டு, ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு, உளியை வைத்து அடித்துக்கொண்டிருந்தான்.

ஐஸ் கிடங்கின் வெளிச்சுவர் எந்நேரமும் வேர்த்துக் குளிர்ந்திருக்கும். அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மூன்று பேர் கிழிந்த வலையைத் தைத்தபடி குத்துச்சண்டை பேசினார்கள். செவ்வாய்தோறும் நடப்பதுதான்.

"அந்தக் காலத்துல நம்ம டெட்டே குத்துனான் பாரு, அதுக்குப் பேருதான் குத்து," என்றார் மூவரில் மூத்தவரான ஒக்போட்டி. "கப்பல்ல வந்த வெள்ளைக்காரன் விழுந்த வேகத்துல மேடைப் பலகையே ஒடைஞ்சு போச்சு."

"போன மாசம் சொன்னப்ப கயிறுதானே அறுந்துச்சு, பெருசு?" என்றான் வேன் ஓட்டும் குவாயே.

"ரெண்டும்தான்டா. நீ அப்ப பொறந்திருந்தியா?"

"நீங்க பொறந்திருந்தீங்களா?"

வள்ளத்துக்குத் தார் பூசும் சோவா சிரித்த சிரிப்பில் வலை ஊசியைத் தவறவிட்டான்.

சுவரின் காய்ந்த மேல்பாதி முழுக்கக் கரி எழுத்து. ஊரில் எந்தப் பந்தயம் நடந்தாலும், எதிராளி எத்தனையாவது ரவுண்டில் விழுவான் என்று ஒவ்வொருவரும் எழுதிவைக்க வேண்டும். சனிக்கிழமைப் பந்தயத்தின் போஸ்டர் பக்கத்துத் தூணில் இருந்தது. புகோம் பிள்ளை லாண்டே கையை ஓங்கி நின்றான். கீழே எல்லைக்கு அந்தப் பக்கத்து லோமேக்காரன் கொம்லான். மலிவு மை ஈஷியதில் அந்த முகம் யாருடையதாகவும் இருக்கலாம் போலிருந்தது.

"லாண்டே முன்னால இவன் எம்மாத்திரம்? ரெண்டே ரவுண்டு," என்றான் குவாயே.

"மூணு. முதல் ரவுண்டு நம்ம பய சும்மா ஆட்டம் காட்டுவான்," என்றான் சோவா. "ஏய் ஐஸு, நீயும் எழுது."

அவர்களுக்கு அவன் ஐஸுதான். ஏழு வருஷமாகியும் அவன் பெயரை யாரும் கேட்டதில்லை.

அக்பெகோ கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கரியை வாங்கி, பெரிதாக ஓர் எட்டு போட்டான். "எட்டு ரவுண்டும் நிப்பான்."

"அட! உங்க ஊர்ப் பக்கத்து பாஷை பேசுறவன்னு பாசமா?" என்றான் குவாயே.

மறுபடி சிரிப்பு. அவன் உளியிடம் திரும்பினான்.

நான்கு நாளைக்கு முன் பந்தயம் நடத்தும் ஆங்க்ரா கிடங்குக்குள் வந்து கதவைச் சாத்தியிருந்தார். அக்பெகோ பத்து வருஷமாகக் குத்துச்சண்டை போடுகிறவன். ஹோ, குமாசி என்று வெளியூர்களில் போன இடமெல்லாம் போஸ்டரின் அடியில் 'மற்றும் பலர்' என்றிருக்கும். அந்தப் பலரில் ஒருவன்.

"கொம்லான் காய்ச்சல்ல படுத்துட்டான்," என்றார் ஆங்க்ரா. "போஸ்டர் ஒட்டியாச்சு, ரேடியோவுக்கும் பேர் குடுத்தாச்சு. நீ அவன் பேர்ல ஏறு. எட்டு ரவுண்டும் விழாம நின்னுட்டேன்னா அடுத்த போஸ்டர்ல உன் படம், உன் பேரு. வெளிய மூச்சு விடாதே."

பந்தயத்தன்று, சனிக்கிழமை மத்தியானம் வரை ஐஸ் உடைத்துவிட்டு, தனியாக நடந்தே மைதானத்துக்குப் போனான். அவன் மூலையில் வாளி பிடிக்க யாரோ ஒருவனை விட்டிருந்தார்கள். அந்த வாளிக்காரனும் லாண்டேயின் ஆள்தான். ஐந்தாவது ரவுண்டில் அக்பெகோவின் இடது கண் மூடிக்கொண்டது. ஏழாவதில் முழங்கால் மடங்கப் பார்த்தது. கயிற்றில் முதுகைக் கொடுத்து நிமிர்ந்தான். கடைசி மணிக்கு முன், லாண்டேக்காகக் கத்திய அதே ஜனம் எழுந்து நின்று, "கொம்லான்! கொம்லான்!" என்று கத்தியது. பின்னால் யாரோ வருகிறார்கள் என்பதுபோல அவன் ஒருகணம் திரும்பிப் பார்த்தான்.

தீர்ப்பு லாண்டேக்கு. ஆனால் அவன் விழவில்லை.

செவ்வாய்க்கிழமை தலையில் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தான்.

"வாய்யா ஜோசியரே!" சோவா எழுந்தே வந்துவிட்டான். "ரேடியோவுல கேட்டோம். எட்டும் நின்னுட்டான்! எப்படிய்யா சொன்னே?"

"மூஞ்சியில என்ன?" என்றான் குவாயே.

"பாளம் சறுக்கிடுச்சு."

"என்னா ஆளுய்யா அந்தக் கொம்லான்! டெட்டே காலத்துக்கு அப்புறம் அப்படி ஒருத்தன் நின்னு நான் கேட்டதில்லை," என்றார் ஒக்போட்டி.

அக்பெகோவின் வாய் தானாகத் திறந்துகொண்டது. "அது நான்தான்."

குவாயே மணலில் விழுந்து புரண்டான். "நீ கொம்லான்னா நான் ஜனாதிபதிடா!" சோவாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

ஒக்போட்டி மட்டும் சிரிப்பை நிறுத்தினார். உளியைப் பிடித்திருந்த அக்பெகோவின் கையில் வீங்கிய விரல் முட்டிகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து வலையில் தைக்காமல் விட்ட கண்ணைத் தேட ஆரம்பித்தார்.

இன்னும் மூன்று செவ்வாய் போயிற்று. ஆங்க்ரா பசை வாளியோடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்பெகோ கொக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனான்.

லாண்டேயும் கொம்லானும் மறுபடி மோதுகிறார்கள். இந்த முறை நல்ல அச்சு. கொம்லானுக்கு அகன்ற நெற்றி, மேலுதட்டில் மீசை. அக்பெகோவுக்கு மீசை கிடையாது.

"அவனுக்குக் காய்ச்சல் விட்டிருச்சு," என்றார் ஆங்க்ரா, குரலைத் தாழ்த்தி. "ஜனம் கொம்லானைத்தான் கேக்குது. உன் பேரைப் போட்டா எவனுக்குத் தெரியும், சொல்லு? உனக்கும் ஒரு சண்டை வச்சிருக்கேன். இதோ." அவர் விரல் போஸ்டரின் அடியில் 'மற்றும் பலர்' மேல் நின்றது.

பசை ஆள் சுவரின் கரி எழுத்துகள்மேல் காகிதத்தை விரித்துத் தேய்த்தான்.

"ஐஸு!" நிழலிலிருந்து சோவா கூப்பிட்டான். "போன தடவ கரெக்டா சொன்னியே. இந்தத் தடவ எத்தனை?"

ஈரக் காகிதத்தின் வழியே கொம்லானின் நெற்றியில் அக்பெகோ எழுதிய எட்டு தெரிந்தது. வெயில் ஏறியது. காகிதம் காயக் காய அது வெளுத்துக்கொண்டே வந்தது.